பாலைவனத்துல வளர்ற ஊருக்கு இன்னும் 50 வருஷம் தண்ணி எங்கேருந்து வரும்? தம்பி கேக்குறான், தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஈசூன்_அக்கா
செவ்வாய், இரவு 10:42

வணக்கம் எல்லாருக்கும், கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

என் தம்பி குடும்பத்தோட அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல பக்கைங்கற ஊர்ல இருக்கான், ஃபீனிக்ஸுக்கு மேற்குப் பக்கம். சுத்தமான பாலைவனம். 2000 கணக்கெடுப்புல அந்த ஊர்ல 6,500 பேர்தான், 2020ல 91,000ஐத் தாண்டிடுச்சு, நம்ம சிங்கப்பூர்ல பொங்கோல் பேட்டை வளர்ந்த மாதிரின்னு வச்சுக்கங்க ஆனா பொங்கோலுக்கு நீர்த்தேக்கம் இருக்கு, மழை இருக்கு, சுத்திக் கடல் இருக்கு. அங்க ஒண்ணும் கிடையாது. போன டிசம்பர் லீவுக்கு நான் போயிருந்தேன், அவன் வீட்டுப் பின்கதவைத் திறந்தா ஒரு பருத்திக் காடு, அதுக்கு அந்தப் பக்கம் வெறும் மண்ணு, அந்த மண்ணுல வரிசையா குச்சி நட்டு ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருக்காங்க, ஒவ்வொரு நாலு குச்சிக்கும் ஒரு வீடு வரப்போகுதாம். நான் எண்ண ஆரம்பிச்சு 60க்கு மேல விட்டுட்டேன். காலையில டீ போட கெட்டில் வச்சா உள்ள வெள்ளையா உப்பு கட்டியிருக்கு, கரண்டியால சுரண்டினா சுண்ணாம்பு மாதிரி உதிருது.

இப்ப விஷயம் என்னன்னா அவங்க பக்கம் வருங்காலத் தண்ணித் திட்டம் பத்தி மக்கள்கிட்ட கருத்து கேக்குறாங்க, ஒரு ஆள் 3 நிமிஷம் பேசலாம். தம்பி பேசணும்னு முடிவு பண்ணிட்டான். "அக்கா, நம்ம சிங்கப்பூர்ல ஒண்ணுமே இல்லாம எப்படி சமாளிச்சாங்க, அதை நான் எடுத்துச் சொல்றேன்"ங்கறான். எனக்கு புதுநீர் (கழிவுநீரைச் சுத்தம் பண்ணி எடுக்கிற தண்ணி), நாலு தேசியக் குழாய் (மழைநீர், மலேசியாத் தண்ணி, புதுநீர், கடல்நீர்) எல்லாம் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க படிக்கிற அளவுக்குத் தெரியும், ஆனா நமக்கு வருஷம் 2,400 மில்லிமீட்டர் மழை, அவங்களுக்கு 200கூட வராது. நம்ம கதை அங்க செல்லுமா? 3 நிமிஷத்துல எதைச் சொன்னா உருப்படியா இருக்கும்? ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு 30 வருஷக் கடன்ல வீடு வாங்கியிருக்கான், அதான் எனக்கும் மனசு அடிச்சுக்குது.

---

சாண்ட்லர்_பையன்
புதன், காலை 7:15

அக்கா நான் சிங்கப்பூர்ல அங் மோ கியோல வளர்ந்தவன், அரிசோனாவுல சாண்ட்லருக்கு வந்து 11 வருஷம் ஆச்சு, சிப் ஃபேக்டரி வேலை. உங்க தம்பி ஊர்லேருந்து கார்ல ஒரு மணி நேரம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அரிசோனாவுல தண்ணி இல்லைன்னு பொதுவா சொல்றது சரியில்லை, யாருக்கு எந்தத் தண்ணி மேல உரிமை இருக்குங்கறதுதான் இங்க எல்லாமே. கொலராடோ ஆத்துலேருந்து இந்த மாநிலத்துக்கு வருஷம் 28 லட்சம் ஏக்கர் அடி பங்கு. ஏக்கர் அடின்னா ஒரு ஏக்கர் நிலத்துல ஒரு அடி உயரம் நிக்கிற தண்ணி, கிட்டத்தட்ட 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். கணக்குப் போட்டா அந்தப் பங்கு சிங்கப்பூர் முழுசும் ஒரு வருஷம் பயன்படுத்துற தண்ணியைவிட நாலு மடங்குக்கு மேல. ஆனா மாநிலத்துத் தண்ணியில 70 சதவீதத்துக்கு மேல விவசாயத்துக்குப் போகுது.

அந்த ஆத்துத் தண்ணி ஃபீனிக்ஸ் பக்கம் வர்றதுக்கு 336 மைல் கால்வாய் வெட்டினாங்க, 1973ல ஆரம்பிச்சு 1993ல முடிச்சாங்க, மலை மேல பம்ப் பண்ணி ஏத்தி கொண்டு வர்றாங்க. ஆனா அந்தக் கால்வாய்க்கு 1968ல நாடாளுமன்றத்துல அனுமதி வாங்குறப்ப ஒரு விலை குடுக்க வேண்டியிருந்துச்சு, ஆத்துல தண்ணி குறைஞ்சா கலிஃபோர்னியாவுக்கு முன்னாடி நாங்க விட்டுக் குடுக்கணும்னு ஒத்துக்கிட்டாங்க. அது 50 வருஷம் கழிச்சு வந்து கடிச்சது. 2021 ஆகஸ்ட்ல வரலாற்றுலயே முதல் தடவையா பற்றாக்குறைன்னு அறிவிச்சு, 2022ல அரிசோனாவுக்கு 5 லட்சத்து 12 ஆயிரம் ஏக்கர் அடி வெட்டு. அது சிங்கப்பூருக்கு பத்து மாசத்துக்கு வர்ற தண்ணி அக்கா. அந்த வருஷம் ஜூலையில, அந்த ஆத்துத் தண்ணியை அணை கட்டித் தேக்குற மீட் ஏரி 1,040 அடி மட்டத்துக்கு இறங்குச்சு, சுவர் ஓரமா வெள்ளைப் பட்டை தெரியும் பாருங்க, நான் நேர்ல போய்ப் பாத்துட்டு அன்னைக்கு ராத்திரி தூங்கலை. இப்ப இருக்குற பங்கீட்டு விதிங்க 2026 கடைசியோட முடியுது.

இப்ப உங்க தம்பி ஊருக்கு வருவோம். 1980ல நிலத்தடி நீர் சட்டம் ஒண்ணு போட்டாங்க, ரொம்ப நல்ல சட்டம், ஃபீனிக்ஸ் மாதிரி ஏரியாவுல மனை பிரிச்சு விக்கணும்னா 100 வருஷத்துக்குத் தண்ணி இருக்குன்னு காட்டணும். ஆனா 1993ல ஒரு ஏற்பாடு பண்ணாங்க, வீடு கட்டுறவங்க ஒரு அமைப்புல சேந்துட்டா போதும், இங்க உறிஞ்சுற தண்ணிக்கு ஈடா அவங்க வேற ஒரு இடத்துல பூமிக்குள்ள தண்ணி விடுவாங்க. உறிஞ்சுறது ஒரு இடம், நிரப்புறது இன்னொரு இடம், கிணறு எப்படித் தாங்கும்? பக்கை மாதிரி ஆத்துப் பங்கு பெருசா இல்லாத ஊருங்க வளர்ந்தது இந்த வழியிலதான். 2023 ஜனவரியில மாநில நீர்வளத் துறை அறிக்கை வந்துச்சு, பக்கை இருக்கற ஹாசயாம்பா பள்ளத்தாக்குல 100 வருஷக் கணக்குல 15 சதவீதம் துண்டு விழுதுன்னு. அதே வருஷம் ஜூன்ல ஆளுநர் கேட்டி ஹாப்ஸ், ஃபீனிக்ஸ் வட்டாரம் முழுசுக்கும் 4 சதவீதம் துண்டு விழுது, இனிமே வெறும் நிலத்தடி நீரை மட்டும் காட்டி புது மனைப் பிரிவுக்கு சான்றிதழ் கிடையாதுன்னு அறிவிச்சாங்க. ஏற்கனவே சான்றிதழ் வாங்குனது அப்படியே செல்லும், அதனால தம்பி வீட்டுக்கு நாளைக்கே குழாய் நிக்காது, அந்தப் பயம் வேண்டாம்.

தம்பி 3 நிமிஷத்துல கேக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இனிமே வர்ற ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணி எந்தக் கணக்குலேருந்து? விவசாயிங்ககிட்ட விலை குடுத்து வாங்குறதுதான் என்னைக் கேட்டா நியாயமான வழி. 2025ல அதுக்குன்னு சட்டமே வந்திருக்கு, விளைநிலம் வீடா மாறினா அந்த நிலத்துத் தண்ணி உரிமையை வீட்டுக்கு மாத்திக்கலாம், வயலுக்கு ஆகறதைவிட வீட்டுக்குக் கம்மியாத்தான் ஆகும், மிச்சம் பூமியிலயே நிக்கும்.

---

வடிகட்டி
புதன், மதியம் 1:03

நான் 26 வருஷம் சுத்திகரிப்பு ஆலையில வேலை பாத்து ரிடையர் ஆனவன், எந்த ஆலைன்னு வேண்டாம்.

தம்பி சாண்ட்லர் சொன்னது உரிமைக் கணக்கு. நான் குழாய்க் கணக்கு சொல்றேன். ஈசூன் அக்கா, சிங்கப்பூர்லேருந்து அங்க எடுத்துட்டுப் போகக்கூடியது மழையும் இல்லை கடலும் இல்லை. ஒரு தடவை காசு குடுத்துக் கொண்டு வந்த தண்ணியை ஒரே தடவை பயன்படுத்திட்டு விட்டுடக் கூடாதுங்கற பழக்கம்தான். நம்ம ஆளுங்க இதை ஒரே நாள்ல கத்துக்கலை. 1974லயே கழிவுநீரைச் சுத்தம் பண்ற சோதனை ஆலை ஒண்ணு நடத்திப் பாத்தாங்க, செலவும் கட்டுப்படியாகலை, மெஷினும் நம்பகமா ஓடலை, அடுத்த வருஷமே மூடிட்டாங்க. ஆனா அந்த ஃபைலைத் தூக்கிப் போடலை. மெம்பிரேன், அதாவது வடிகட்டுற சவ்வு, விலை இறங்குற வரைக்கும் காத்திருந்து 2002ல தேசிய தினத்தன்னைக்கு பிரதமர் கோ சோக் டோங்கும் கூட்டமும் புதுநீர் பாட்டிலைத் தூக்கிக் குடிச்சாங்க, 2003ல பிடோக், கிராஞ்சி ரெண்டு ஆலையும் திறந்தாச்சு. நடுவுல 28 வருஷம். பக்கை இன்னைக்கு ஆரம்பிச்சாத்தான் இந்தப் பிள்ளைங்க காலத்துல கிடைக்கும்.

அரிசோனாவுக்கு இது புதுசும் இல்லை. பக்கைக்கு மேற்கே பாலோ வெர்டே அணுமின் நிலையம் இருக்கு பாருங்க, மூணு ரியாக்டர், பக்கத்துல ஆறும் இல்லை கடலும் இல்லை, ஃபீனிக்ஸ் ஊருங்களோட கழிவுநீரைக் குழாயில கொண்டு போய்ச் சுத்தம் பண்ணித்தான் அதைக் குளிர வைக்கிறாங்க. 2025ல சுத்திகரிச்ச தண்ணியை நேரடியா குடிநீர்க் குழாய்லயே சேக்கறதுக்கும் மாநில விதி வந்தாச்சு.

ஆனா இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, தம்பிக்கு இதை நல்லாப் புரிய வைங்க. சிங்க்ல ஊத்துன தண்ணி, குளிச்ச தண்ணி, கழிவறைத் தண்ணி எல்லாம் சாக்கடைக்கு வருது, அதைத் திருப்பி எடுத்துடலாம். தோட்டத்துப் புல்லுக்கு ஊத்துனது ஆவியாப் போச்சுன்னா போனதுதான். ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டுத் தண்ணியில பாதிக்கு மேல வெளியிலதான் செலவாகுது. லாஸ் வேகஸ்ல இதைப் புரிஞ்சுக்கிட்டாங்க, வீட்டுக்குள்ள பயன்படுத்துன தண்ணி கிட்டத்தட்ட முழுசையும் சுத்தம் பண்ணி மீட் ஏரிக்கே திருப்பி விடுறாங்க, விட்ட அளவுக்குத் திரும்ப எடுத்துக்கலாம். அதனால குளிக்கிற நேரத்தைக் குறைங்கன்னு அவங்க பெருசா கத்தலை, புல்லைப் பிடுங்குங்கன்னு கத்துறாங்க. புல்லை எடுத்தா காசு குடுத்தாங்க, 2021ல சட்டமே போட்டு ரோட்டு நடுவுலயும் ஆபீஸ் வாசல்லயும் சும்மா அழகுக்கு இருக்கிற புல்லுக்கு ஆத்துத் தண்ணி 2027லேருந்து கிடையாதுன்னுட்டாங்க. புதுசா வர்ற ஊருக்கு இது இன்னும் சுலபம், இருக்கிற புல்லைப் பிடுங்க வேண்டாம், நடாம இருந்தாப் போதும். அக்கா எண்ணுன குச்சிங்க இருக்கே, அந்த வீடுங்க கட்டறதுக்கு முன்னாடியே சாம்பல் தண்ணிக்கு (குளிச்ச, துணி துவைச்ச தண்ணி) தனிக் குழாய் போட வைக்கணும், சுவர் எழுப்புனதுக்கு அப்புறம்னா உடைக்கணும்.

---

தேக்கா_தாத்தா
புதன், இரவு 8:30

பேரன் டைப் பண்ணிக் குடுக்கிறான், நான் சொல்லச் சொல்ல.

எனக்கு எட்டு வயசு, 1963. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்பக்கம் கடைவீட்டு மாடியில ஒரு ரூம்ல நாங்க ஆறு பேர். அந்த வருஷம் ஏப்ரல்ல தண்ணி ரேஷன் ஆரம்பிச்சது, பத்து மாசம் ஓடுச்சு. ஏரியா ஏரியாவா முறை வச்சு குழாயை அடைப்பாங்க. அடைக்கிறதுக்கு முன்னாடி எங்க அம்மா மண்ணெண்ணெய் டின், பால்மாவு டின், அண்டா, குண்டான், எதெல்லாம் ஓட்டையில்லாம இருக்கோ அத்தனையும் படிக்கட்டுல வரிசையா வச்சிடுவாங்க. கீழ்ப்படியில இருந்த டின் துணி அலச, நடுப்படி குளிக்க, மேல்படியில இருந்தது மட்டும் குடிக்க, சமைக்க. அரிசி களைஞ்ச தண்ணி கீழ்ப்படி டின்னுக்கு வரும். அதை மாத்தி எடுத்துட்டேன்னு ஒரு நாள் அடி வாங்கினேன், இன்னைக்கும் குழாயை முழுசா திறக்க கை வராது எனக்கு. இதுல பாருங்க, மேல்படி கீழ்ப்படின்னு எங்க அம்மா பிரிச்சு வச்சதைத்தான் மேல எழுதுன தம்பி குழாய் வச்சுப் பிரிக்கச் சொல்றாரு.

அந்தக் காலத்துல பக்கத்து மலேசியாவுல ஜொகூர்லேருந்துதான் பெரும்பாலும் தண்ணி. 1961, 1962ன்னு ரெண்டு ஒப்பந்தம். 1961 ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட்ல முடிஞ்சது, புதுப்பிக்கலை, ஊர்ல யாரும் கவனிக்கக்கூட இல்லை, ஏன்னா அதுக்குள்ள புதுநீர் வந்துடுச்சு, துவாஸ்ல கடல்நீர் ஆலை வந்துடுச்சு, 2008லயே மரீனா அணைக்கட்டு வந்துடுச்சு. 1962 ஒப்பந்தம் 2061 வரைக்கும், ஒரு நாளைக்கு 25 கோடி கேலன். அந்தத் தேதியை இந்த ஊர் அமைச்சருங்க வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, எங்களை மாதிரி படிக்காதவங்களுக்கும் 2061 மனப்பாடம். உங்க தம்பி ஊர்ல அப்படி ஒரு தேதி இருக்கான்னு கேக்கச் சொல்லுங்கம்மா. நூறு வருஷம்னு சொன்னா யார் மனசுலயும் ஒட்டாது. எந்தக் கிணறு எந்த வருஷம் எத்தனை அடி இறங்கும்னு ஊர்க்காரங்களுக்கு மனப்பாடமா தெரியணும்.

---

வேளச்சேரி_டு_செங்காங்
புதன், இரவு 11:20

தாத்தா எழுதினதைப் படிச்சு எனக்கு 2019 ஞாபகம் வந்துடுச்சு. அந்த வருஷம் கோடையில சென்னையில பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டுச்சு, ஜூலையில ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. எங்க அபார்ட்மெண்ட்ல லாரி எப்ப வரும்னு ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் பாத்துட்டுக் கிடப்போம்.

சாண்ட்லர் அண்ணா, நீங்க சொன்ன ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. விவசாயிக்கிட்ட வாங்குறது நியாயம்னீங்க. சென்னைக்கு லாரித் தண்ணி எங்கேருந்து வந்துச்சு? திருவள்ளூர் பக்கம் வயக்காட்டுக் கிணத்துலேருந்து. கிணத்துக்காரருக்குக் காசு கிடைச்சது, நிஜம்தான். ஆனா பக்கத்து நிலத்துக்காரரு விக்கலையே, அவர் கிணறும் சேந்துல்ல இறங்குச்சு? அந்த நிலத்துல களை எடுத்து, நாத்து நட்டு பொழைச்ச பொம்பளைங்களுக்கு யார் காசு குடுத்தா? உங்க அரிசோனாவுலயும் அதே கதைதான், ஃபீனிக்ஸுக்குக் கிழக்கே குவீன் கிரீக்னு ஒரு ஊர் 200 மைல் தள்ளி கொலராடோ ஆத்தோரம் சிபோலாவுல இருந்த வயலோட தண்ணி உரிமையை, வருஷம் சுமார் 2,000 ஏக்கர் அடி, விலைக்கு வாங்கி 2023லேருந்து கால்வாய் வழியா எடுக்க ஆரம்பிச்சுது, ஆத்தோரத்துக் கவுண்டிங்க (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கோர்ட்டுக்குப் போனாங்க, 2024ல நீதிபதி சுற்றுச்சூழல் ஆய்வு போதுமான அளவுக்குப் பண்ணலைன்னு தீர்ப்பு சொன்னாரு. அந்த ஆத்தோர ஊருங்களும் ஊருதானே. ஈசூன் அக்கா, உங்க தம்பி அந்த 3 நிமிஷத்துல ஒரு வரி அவங்களுக்காகவும் சேத்துக்கட்டும், அவன் வீட்டுப் பின்னாடி இருக்கிற பருத்திக் காட்டுல வேலை செய்யறவங்களுக்காகவும்.

விலையையும் பேசணும். இங்க 2025 ஏப்ரல்லேருந்து ஒரு கனமீட்டர் 3 வெள்ளி 24 காசு, தண்ணி வரி சேத்து, ஜிஎஸ்டி தனி. ஏறுனப்ப எல்லாரும் முணுமுணுத்தோம், நானும்தான். ஆனா சின்ன வீட்டுக்காரங்களுக்கு அரசாங்கத்தோட யூ-சேவ் தள்ளுபடி வருது. விலையை ஏத்தறப்பவே முடியாதவங்களுக்கு என்ன வழின்னு அதே கூட்டத்துல கேட்டுடணும், அப்புறம் கேட்டா வராது.

---

சாண்ட்லர்_பையன்
வியாழன், காலை 6:50

செங்காங் சிஸ்டர், நீங்க சொன்னது எனக்குத் தைக்குது, ஒத்துக்கிறேன். நான் நினைச்சது அதே இடத்துல வயல் வீடாகறதை, 2025 சட்டம் அதுக்குத்தான். 200 மைல் தள்ளி இருக்கிறதை வாங்குறது வேற கதை, அதையும் இதையும் ஒண்ணா எழுதிட்டேன்.

இன்னொண்ணும் சேத்துக்கங்க அக்கா. ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ்னு ஸ்காட்ஸ்டேலுக்கு வெளியில ஒரு குடியிருப்பு. அங்க நிறைய மனைங்களை அஞ்சும் அதுக்குக் கம்மியுமா பிரிச்சு பிரிச்சு வித்தாங்க, ஆறுக்குக் கீழ பிரிச்சா 100 வருஷச் சான்றிதழ் தேவையில்லை. கிணறு இல்லாதவங்களுக்கு ஸ்காட்ஸ்டேல் குழாயிலேருந்து லாரியில தண்ணி போச்சு. முன்கூட்டியே எச்சரிச்சுட்டு 2023 ஜனவரி 1ஆம் தேதி நகரம் அதை நிறுத்திடுச்சு, சுமார் 500 வீடு. ஜனங்க மழைத் தண்ணியை வாளியில பிடிச்சு கழிவறைக்கு ஊத்தினாங்க. அந்த ஓட்டையை பக்கை பக்கம் யாரும் பயன்படுத்தாம பாத்துக்கணும்னு தம்பி கேக்கலாம்.

---

ஈசூன்_அக்கா
வெள்ளி, இரவு 9:58

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. தம்பிக்கு முழுசையும் வாட்ஸ்அப்ல படிச்சுக் காட்டினேன், தாத்தாவோட படிக்கட்டு டின் கதை வந்தப்ப கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை, எங்க அப்பாவும் அதே கதை சொல்லுவாரு. அதுலேருந்துதான் ஆரம்பிக்கப் போறானாம். புது வீடுங்களுக்கு ரெண்டு குழாய், வெறும் அழகுக்குப் புல் கூடாது, கிணத்து மட்டம் வருஷா வருஷம் ஊர்க் கட்டடத்து வாசல்ல எழுதி வைக்கணும், வயல்ல வேலை செஞ்சவங்களுக்கு என்ன வழி, இவ்வளவுதான் பேச்சு. நூலகத்துல பழைய பேப்பர் பாத்தப்ப அவனுக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு, நம்ப முடியலை, 1962லயே பக்கையில எலக்ட்ரோடயாலிசிஸ் மெஷின் வச்சு கிணத்துத் தண்ணியில உப்பை எடுத்து ஊருக்குக் குடுத்திருக்காங்களாம். இங்க ஜொகூர் ஆத்து ஒப்பந்தம் போட்ட அதே வருஷம்.

கடைசியா ஒரு சின்னக் கேள்வி, வடிகட்டி அண்ணே. அந்தக் கெட்டில் உப்புக்காக வீடு முழுசுக்கும் தண்ணியை மென்மையாக்குற மெஷின் ஒண்ணு மாட்டப் போறான், மாசம் ஒரு மூட்டை உப்பு கொட்டணுமாம், அட்வான்ஸ் குடுத்துட்டான். இதுல ஏதாவது தப்பு இருக்கா?

---

வடிகட்டி
வெள்ளி, இரவு 11:31

அக்கா நல்லவேளை கேட்டீங்க. அந்த மூட்டை உப்பு எங்க போகுதுன்னு யோசிங்க. மெஷினுக்குள்ள இருக்கிற ரெசின் தண்ணியில உள்ள சுண்ணாம்பைப் பிடிச்சு வச்சுக்கும், நிறைஞ்சதும் உப்புத் தண்ணியால அதைக் கழுவணும், அந்தக் கழுவுன தண்ணி முழுசும் சாக்கடைக்குத்தான். சாதாரண சுத்திகரிப்பு ஆலை அழுக்கை எடுக்கும், கிருமியைக் கொல்லும், கரைஞ்ச உப்பைத் தொடாது. உப்பை எடுக்கணும்னா நம்ம புதுநீர் ஆலை மாதிரி ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ், அதாவது தண்ணியை அழுத்தி சவ்வு வழியா வடிகட்டுறது, வேணும். அப்படி எடுத்த உப்புக் கரைசலை நாம கடல்ல விட்டுடறோம், பக்கைக்குக் கடல் ஏது? டெக்சஸ்ல எல் பாசோவுல 2007ல உவர்நீர் ஆலை கட்டுனாங்க, மிச்ச உப்புத் தண்ணியை 20 மைலுக்கு மேல குழாயில கொண்டு போய் பூமிக்கு அடியில இறக்குறாங்க. அவ்வளவு செலவு. கலிஃபோர்னியாவுல சாண்டா கிளாரிட்டா பள்ளத்தாக்குல இந்த உப்பு மெஷினாலயே ஆறு கெடுதுன்னு 2008ல மக்கள் ஓட்டுப் போட்டுத் தடை பண்ணாங்க.

வேண்டவே வேண்டாம்னு சொல்லலை, அந்த ஊர்த் தண்ணிக்கு ஹீட்டர் சீக்கிரம் அடைச்சுக்கும். சுடுதண்ணி லைனுக்கு மட்டும் மாட்டச் சொல்லுங்க, வீடு முழுசுக்கும் வேண்டாம். டைமர் வச்சு நாள் கணக்குல கழுவுற மாடல் எடுக்கக் கூடாது, எவ்வளவு தண்ணி ஓடுச்சோ அதை அளந்து கழுவுற மாடல் இருக்கு, உப்பு கணிசமா மிச்சமாகும். குடிக்கிறதுக்கு சிங்க்குக்கு அடியில சின்ன ஃபில்டர் போதும். கெட்டிலுக்கு வாரம் ஒரு தடவை கொஞ்சம் வினிகர் ஊத்திக் கொதிக்க வச்சா அந்த வெள்ளை தானா விட்டுடும்.

---

ஈசூன்_அக்கா
சனி, காலை 8:12

இப்பதான் பேசினேன். மெஷின்காரங்களுக்குப் ஃபோன் பண்ணி சுடுதண்ணி லைனுக்கு மட்டும்னு மாத்திட்டான், அட்வான்ஸைக் கழிச்சுக்கறாங்களாம். கூட்டம் வர்ற செவ்வாய்க்கிழமை, அங்க சாயந்தரம், நமக்குப் புதன் காலையில. பேசி முடிச்சதும் ரெக்கார்டிங் அனுப்பச் சொல்லியிருக்கேன், வந்தா தாத்தாவுக்காக இங்க எழுதிப் போடறேன்.